அண்ணன் மிதிக்காத மண்

பிப்ரவரி முதல் நாள்

அவில்லியாவுக்கு, ஊர்த் தலைவன் மானியுஸ் அவில்லியுஸ் எழுதுவது.

நீ நலமென்றால் நல்லது. நான் நலம்.

இதை என் வண்டிக்காரன் கெர்டோ கொண்டுவருகிறான். ஓடைக்கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் தங்கைக்குக் கடிதமா என்று பயல் சிரிக்கிறான். சிரிப்பு இந்த ஊரில் தொற்றுநோயாகிவிட்டது. அது யாரிடமிருந்து தொற்றியது என்று உனக்கே தெரியும்.

விதைப்புத் திருவிழாவில் நடந்ததை நான் மறைக்கவில்லை. பூமித்தாய் டெல்லூஸுக்குச் சினைப்பன்றி கொடுக்க வேண்டும். உன் கொட்டிலில் இரண்டு நின்றன. அதில் நீ சீமாட்டி என்று கூப்பிடுகிறவளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் வயிறு தரையில் உரசியது. கண்ணிருக்கிற எவனும் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருப்பான். பலி கொடுத்து வயிற்றைத் திறந்து பார்த்தால் குட்டி இல்லை, கொழுப்புதான் இருந்தது. சினையில்லாத பன்றியைக் கொடுத்தால் பூசை செல்லாது. அதனால் மறுநாள் ஹெரென்னியுஸ் கொடுத்த பன்றியை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். மாடுகளுக்கு மறுபடியும் மாலை கட்டினோம். ஊர் இரண்டு நாள் விருந்து தின்றது. யாரும் புகார் சொல்லவில்லை.

ஆனால் நீ சிரித்தாய். பலிபீடத்தின் முன்னால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நான் நிற்கும்போது சிரித்தாய். குழலூதுகிறவன் ஊதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தான்.

அதனால்தான் குனிந்து தரையைத் தொட்டேன். "அம்மா டெல்லூஸ், நீ என்னைத் தாங்குற வரைக்கும் இவ மண்ண மிதிக்க மாட்டேன்." ஊரே கேட்டது. எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உன் கூடையைத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் பாலாடைக்கட்டி உன் அண்ணி வைத்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.


பிப்ரவரி மூன்றாம் நாள்

ஊர்த் தலைவர் அவர்களுக்கு, தங்கள் காலடி படாத மண்ணிலிருந்து அவில்லியா எழுதிக்கொள்வது.

தாங்கள் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். கெர்டோவும் அதையே சொன்னான். "நலமாத்தான் இருக்காரு அக்கா. நாய்மேல எரிஞ்சு விழுறாரு, கதவ உதைக்கிறாரு, கஞ்சில உப்பு இல்லன்னு ஒரு ஆட்டம், உப்பு ஜாஸ்தின்னு ஒரு ஆட்டம்."

எழுத்தில் இருக்கட்டும் என்றீர்களே, என் பக்கமும் இருக்கட்டும். கொட்டில் வாசலில் நின்று நான் என்ன சொன்னேன்? "அண்ணா, சீமாட்டி சினை இல்ல. ஓக் கொட்டையத் தின்னுத் தின்னு ஊதிக் கெடக்கறா. ஒல்லிக்காரிதான் சினை. அவ காம்பப் பாரு." தாங்கள் என்ன சொன்னீர்கள்? "எத்தனை வருஷமா தலைவனா இருக்கேன். பன்னியப் பத்தி எனக்கே பாடமா?"

சரி, பன்றிக்குத் தெரியுமா யார் தலைவர் என்று?

பூசை கெட்டதற்கு நான் சிரிக்கவில்லை. குட்டி இல்லை என்று ஆன பிறகும் தாங்கள் விடாமல் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினீர்கள் பாருங்கள், அண்டாவில் மோதிரத்தைப் போட்டுவிட்டுத் தேடுகிறவர் மாதிரி, அதற்குத்தான் சிரித்தேன். இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காதவள் உங்களுக்குத் தங்கையாக இருக்க முடியாது.

ஒரு செய்தி. என் மகள் சஃபினியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டேன். மாப்பிள்ளை ஹெரென்னியுஸின் மகன் நூமேரியுஸ். ஆம், தங்களுக்குப் பன்றி கொடுத்து மானம் காத்த அதே வீடுதான். ஏப்ரலில், மேய்ப்பர் விழாவுக்கு மறுநாள்.

பாலாடைக்கட்டி அருமை என்று அண்ணியிடம் சொல்லவும். தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் தங்களுக்கு நன்றி இல்லை.


பிப்ரவரி நடுநாள்

அவில்லியாவுக்கு.

நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய்.

என் மருமகளின் கல்யாணத்தை முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொல்கிறாய். நான் செத்தா போனேன்?

பையன் நல்லவன். போன வருஷம் என் எருது பள்ளத்தில் விழுந்தபோது யாரும் கூப்பிடாமலே இறங்கித் தூக்கினான். அவன் அப்பன் கொஞ்சம் அலட்டுவான், பொறுத்துக்கொள்ளலாம். பன்றி கொடுத்ததை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தை என் வீட்டில் வைத்துக்கொள். முற்றம் பெரியது. உன் அண்ணி இப்போதே மாவரைக்கத் தொடங்கிவிட்டாள். சத்தியமும் பத்திரமாக இருக்கும், விருந்தும் நன்றாக இருக்கும்.


மார்ச் இரண்டாம் நாள்

அண்ணனுக்கு அவில்லியா.

பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் கோபமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். இனி "தாங்கள்" வேண்டாம், கை வலிக்கிறது.

உன் வீட்டில் வைக்க முடியாது. உனக்கே தெரியும். பெண் தன் பொம்மைகளைத் தன் அப்பா வீட்டு அடுப்படி தெய்வங்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். தன் வீட்டில், தன் அம்மா மடியிலிருந்து அவளைப் பிரித்துக் கூட்டிப்போக வேண்டும். அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த அடுப்படியாவது மிஞ்சட்டும்.

அவளிடம் சொன்னேன், மாமா வரமாட்டார், சத்தியம் செய்துவிட்டார் என்று. அவள் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்ப கல்யாணம் வேண்டாம்."

"என்னடி பேச்சு இது?"

"மாமா வந்து காலைல பறவை பாத்துச் சகுனம் சொல்லணும். மாமாதான் சொல்லணும். இல்லன்னா நான் முக்காடு போட மாட்டேன். ஹெரென்னியுஸ் வீட்டுக்காரங்களுக்கு அவ்வளவு அவசரம்னா ஒல்லிக்காரியக் கூட்டிட்டுப் போகட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அப்புறம் கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுதாள்.

மே மாதம் செத்தவர்கள் உலாவுகிற மாதம், அதில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. ஜூனும் பாதிவரை ஆகாது. அதற்குள் ஹெரென்னியுஸ் மனசு மாறிவிட்டால் என்ன செய்வேன்? அவன் வீட்டுக்காரி இப்போதே கேட்கிறாள், "பொண்ணுக்கு என்ன கொறை, மாமனே வரமாட்டேங்கறாராமே?" என்று.

அவர் இறந்த வருஷம் நீ உன் வயலை விட்டுவிட்டு முதலில் என் வயலை உழுதாய். சஃபினியா உன் எருதின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். அவளுக்கு மாமன் என்றால் நீதான், அப்பன் என்றாலும் நீதான். நீ இல்லாமல் எனக்கும் இந்தக் கல்யாணம் வேண்டாம் அண்ணா. வா.


மார்ச் நடுநாள்

அவில்லியாவுக்கு உன் அண்ணன்.

நான் வர விரும்புகிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசிவரை எழுதாமல் விட்டுவிடுவேன்.

ரெயாட்டே சந்தைக்குப் போனபோது பூசாரியைப் பார்த்தேன். சத்தியத்தை எப்படியாவது அவிழ்க்க முடியுமா என்று கேட்டேன். கிழவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கையால தரையத் தொட்ட?" "வலது கையாலங்க." "அப்ப அது வாயால போட்ட முடிச்சு இல்லப்பா. அம்மாவோட தோளத் தொட்டுப் போட்ட முடிச்சு. அவளே அவுத்து விட்டா உண்டு. நான் யாரு நடுவுல?"

நான் சாதாரண ஆளாக இருந்தால் துணிந்து வந்துவிடுவேன். தலைவன் சத்தியத்தை மீறினான் என்று வைத்துக்கொள், அந்த வருஷம் ஆலங்கட்டி மழை பெய்தால் யார் தலையில் விழும்? பயிரில் துரு பிடித்தால் யார் பேர் அடிபடும்? எல்லார் பயிரையும் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை.

மண்ணை மிதிக்காமல் வர வழி தேடினேன். கழுதைமேல் உட்கார்ந்து வரலாம் என்று யோசித்தேன். அதையும் பூசாரியிடம் கேட்டேன். சகுனம் பார்க்கிறவன் தன் காலில் நிற்க வேண்டுமாம். "கழுத மேல இருந்து பாத்தா சகுனம் கழுதைக்குத்தான் பலிக்கும்" என்றார்.

பிறகு பலகையில் நிற்கவைத்துத் தூக்கி வரச் சொல்லிப் பார்த்தேன். கெர்டோவும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். எருக்குழி வரைக்கும் வந்தோம். அங்கே பலகை முறிந்தது. நான் விழுந்தது என் எருக்குழியில்தான், என் மண்ணில்தான், ஆகவே சத்தியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அண்ணி சிரித்தாள். சொன்னேனே, தொற்றுநோய்.

சஃபினியாவிடம் சொல், மாமா வழி தேடிக்கொண்டிருக்கிறார் என்று. அவளை அழவேண்டாம் என்று சொல்.


ஏப்ரல் ஐந்தாம் நாள்

அண்ணா,

எருக்குழிக் கதையை நான் சஃபினியாவுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இன்னொரு சத்தியம் செய்திருப்பாய்.

ஒல்லிக்காரி குட்டி போட்டுவிட்டாள். எண்ணப் போனேன், ஒன்றின்மேல் ஒன்று ஏறி உருண்டதில் எண்ண முடியவில்லை. காம்பு போதாமல் சண்டை. நீ மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால் இத்தனையும் ஜனவரியிலேயே அம்மாவிடம் போயிருக்கும். உன் பிடிவாதத்தால் பிழைத்த உயிர்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது பாராட்டுதான், முறைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சஃபினியா குட்டிகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, மாமா என்னன்னு சத்தியம் பண்ணாரு? சரியாச் சொல்லு."

"இவ மண்ண மிதிக்க மாட்டேன்னு."

"உன் மண்ணத்தானே? அவரு மண்ண மிதிக்கலாமில்ல?"

"அவரு மண்ணு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு, மக்கு."

"வண்டி எதுக்கு இருக்கு? அள்ளிட்டு வந்து போடச் சொல்லு. ஓடைலேர்ந்து நம்ம முற்றத்துப் பலிபீடம் வரைக்கும். மாமா அதுமேல நடந்து வரட்டும்."

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணா, இது சரிப்படுமா? அம்மாவை ஏமாற்றுகிற காரியமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்ணை எங்கே கொண்டுபோனாலும் அது அவள் மடிதானே. ஆனால் தலைவன் நீ. நீ சொல்.


ஏப்ரல் பத்தாம் நாள்

அவில்லியாவுக்கு, ஊர்த் தலைவன் மானியுஸ் அவில்லியுஸ்.

சரிப்படும்.

ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்டேன். அரை நாள் விவாதித்தார்கள். மண் இடம் மாறினால் சொந்தம் மாறுமா என்று ஒருவன் கேட்டான். "என் கோழி ஒன் வீட்டுல மேஞ்சா அது ஒன் கோழியாயிடுமா?" என்று நான் கேட்டேன். அதோடு உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டில் என் கோழி மேய்வது ஊருக்கே தெரியும்.

மண்ணை எப்படி எடுப்பது என்று சொல்லியிருக்கிறேன். மண்வெட்டி வேண்டாம், மரக்கொட்டால் மட்டும் தோண்ட வேண்டும், இரும்பு படக்கூடாது. தோண்டிய இடத்தில் தேன் அப்பம் வைத்து, "அம்மா, உன் மடியிலிருந்து எடுத்து உன் மடியிலேயே வைக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். மேட்டுத் தரிசிலிருந்து எடுக்கச் சொல்லி கெர்டோவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒரு காதால் வாங்கி மறுகாதால் விடுகிற பழக்கம்.

பாதை அகலமாக இருக்கட்டும். நான் கயிற்றில் நடக்கிற கூத்தாடி இல்லை.

மற்ற மாமன்கள் மருமகளுக்குப் போர்வையும் பாத்திரமும் கொண்டுவருவார்கள். நான் மண் கொண்டுவருகிறேன். ஊர் என்ன சொல்லும் என்று உன் அண்ணி கேட்டாள். சொல்லட்டும். அந்தப் பிள்ளைக்கு என் மண்ணைவிட நல்லதாக என்னிடம் வேறென்ன இருக்கிறது?

போர்வையும் பாத்திரமும் வண்டியில் மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. பார்த்து இறக்கு.


ஏப்ரல் இருபத்து நான்காம் நாள்

அவில்லியா,

தலை இன்னும் வலிக்கிறது. ஹெரென்னியுஸின் திராட்சை மது அவனைப் போலவேதான், முதலில் இனிக்கும், பிறகு தலையில் ஏறி உட்காரும்.

அந்தக் காலையை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஓடையைத் தாண்டி முதல் அடி வைத்தபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் என் காலை மட்டுமே பார்த்து நடந்தேன். பலிபீடத்தருகே நின்று வானத்தைப் பார்த்தேன். நல்ல பக்கத்திலிருந்து இரண்டு மரங்கொத்திகள் வந்தன. "நல்ல சகுனம்!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டும் பயந்து ஓடின. வந்தது வந்ததுதான், போனது கணக்கில் இல்லை.

ஒன்றை மட்டும் நாம் யோசிக்கவில்லை. பாதை பலிபீடத்தோடு நின்றுவிட்டது, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. ஊரெல்லாம் உள்ளே சாய்ந்துகொண்டு தின்றது. நான் வெளியே குதிரை மாதிரி நின்றுகொண்டு தின்றேன். கெர்டோ தட்டு கொண்டுவந்து கொடுத்தான், கொடுப்பதற்கு முன் ஒரு கறித்துண்டை எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் சஃபினியா வெளியே வந்தாள், நெருப்பு நிற முக்காட்டோடு. செருப்பைக் கழற்றிவிட்டு என் மண்மேல் ஏறி நின்றாள். "இப்ப நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன் மாமா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கண்ணில் பந்தத்துப் புகை பட்டது. அப்போது பந்தம் ஏற்றவில்லை என்று உன் அண்ணி சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஊர்வலம் கிளம்பியபோது நான் உன் வாசல் வழியாக வர முடியாமல் என் பாதையில் திரும்பி, ஓடை தாண்டி, என் வயலைச் சுற்றி ஓடி, சாலையில் உங்களைப் பிடித்தேன். கல்யாண வழக்கப்படி கொட்டைகளை அள்ளி வீசினேன். மூச்சு வாங்கியதில் பாதி என் காலடியிலேயே விழுந்தது.

வேலை முடிந்தது. மண்ணைப் பெருக்கித் தள்ளிவிடு. முற்றத்தில் கிடந்தால் உனக்கு இடைஞ்சல். சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது, இனி நான் அந்தப் பக்கம் வருவதற்குக் காரணமும் இல்லை.


மே மூன்றாம் நாள்

அண்ணா,

மண்ணைப் பெருக்கவில்லை. துடைப்பத்தை எடுத்தேன், மனசு வரவில்லை. அவள் போன பிறகு வீடு பெரியதாகிவிட்டது. காலையில் எழுந்து உன் காலடித் தடங்களைப் பார்ப்பேன். அதில் கோழி நடக்காமல் விரட்டுவேன். நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

பிறகு மழை பெய்தது. நேற்று காலை கதவைத் திறந்தேன். அண்ணா, உன் மண் முளைத்திருக்கிறது.

தினை. ஓடையிலிருந்து என் பலிபீடம் வரைக்கும் பச்சைப் பசேலென்று ஒரே கோடு. கெர்டோவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "மேட்டுத் தரிசு கல்லுமாதிரி இருந்துச்சு அக்கா. மரக்கொட்டு எறங்கல. கீழ் வயல்ல அப்பத்தான் உழுது வெதச்சிருந்தாரா, மண்ணு மெத்து மெத்துனு இருந்துச்சு. அள்ளிட்டேன். அவருகிட்ட சொல்லிடாத." சொல்லிவிட்டேன். அவனை அடிக்காதே.

இன்னும் கேள். உன் கால் அழுத்தி மிதித்த இடத்தில்தான் முளை அடர்த்தியாக வந்திருக்கிறது. பாதை நெடுக ஒன்றன்பின் ஒன்றாக, பச்சையாக உன் பாதங்கள். நீ கனத்த மனுஷன், ஒரு தடம்கூடத் தப்பவில்லை. பலிபீடத்துப் பக்கத்தில் உன் தடத்துக்கு எதிரே இரண்டு சின்னப் பாதங்கள். சஃபினியா செருப்பில்லாமல் நின்ற இடம். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவளும் நூமேரியுஸும் எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். முதல் வருகை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு நீயும் வர வேண்டும்.

உன் பாதை தயாராக இருக்கிறது. ஆனால் இப்போது அதில் பயிர் நிற்கிறது. ஊர்த் தலைவரே, தீர்ப்பு சொல்லுங்கள். முளைத்த பயிரை மிதித்துக்கொண்டு வருவீர்களா?


மே ஏழாம் நாள்

அவில்லியா,

நேற்று சாயங்காலம் என் கரையில் நின்று பார்த்தேன். உண்மைதான்.

கெர்டோவைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, சிரிப்பு வந்தது. நின்று நிதானமாகச் சிரித்தேன். உனக்குக் கேட்டிருக்கும். உன் நாய் குரைத்தது.

பயிரை மிதிக்கிறவன் தலைவனாக இருக்க முடியாது. அந்தப் பாதை இனி எனக்கில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் தொட்டுச் சத்தியம் செய்தது அம்மா டெல்லூஸைத்தான். என் மண் எது, உன் மண் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் என் தினையை உன் முற்றத்தில் வளர்ப்பாளா? அவளே அவிழ்த்துவிட்டாள். யாரிடமும் கேட்கப் போவதில்லை. யாராவது வாயைத் திறந்தால் கூட்டிக்கொண்டு வந்து இந்தப் பயிரைக் காட்டுவேன்.

இன்று காலை குனிந்து தரையைத் தொட்டேன். அம்மாவிடம் நன்றி மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சத்தியம் செய்யவில்லை. அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன்.

நாளை நானும் உன் அண்ணியும் வருகிறோம். பயிருக்குப் பக்கத்தில், உன் மண்ணில், செருப்பில்லாமல் நடந்து வருவேன். ஒல்லிக்காரியின் குட்டிகளையும் பார்க்க வேண்டும். எது சினை, எது கொழுப்பு என்று இனி நீயே சொல்.

கால் கழுவத் தண்ணீர் எடுத்து வை.